யோம் கிப்பூர் மதியம் - ஒரு வசனமும் சில கேள்விகளும்

ரொம்ப நாளாக டிராஃப்டிலேயே கிடந்த பதிவு இது. நாலைந்து தடவை திறந்து பார்த்து, "இதெல்லாம் நமக்கு எதுக்குடா" என்று மூடி வைத்திருக்கிறேன். யூத மதம், தன்பாலீர்ப்பு, பாலின அடையாளம் என்று ஒரே பதிவில் மூன்று வம்பு. இருந்தாலும் எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஏன் என்பது கடைசியில். (நேராகக் கடைசி பாராவுக்குத் தாவும் புண்ணியவான்கள் கொஞ்சம் பொறுத்தருளவும் :-))

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யூதன் இல்லை. ஹீப்ரு எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக்கூட வராது. நியூஜெர்ஸியில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு அடுத்த கியூபிக்கிளில் ஒரு பெரியவர் இருந்தார். யூதர். ரிட்டயர் ஆகப்போகிற வயது. சாப்பாட்டு நேரத்தில் நானும் அவரும் ஒரே மேஜை. இரண்டு பேரும் டப்பா கட்டிக்கொண்டு வருகிற ஜாதி என்பதால் ஒட்டிக்கொண்டோம்.

2006 டிசம்பரில் ஒருநாள் பேப்பரை என் பக்கம் தள்ளி, "பார்த்தாயா, எங்கள் ஆட்கள் ஒரே நாளில் ஆம் என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள், இல்லை என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள்" என்று சிரித்தார். சிரித்து முடித்தபிறகு, தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

யூதர்களுக்கு ஆண்டிலேயே மிகப் புனிதமான நாள் யோம் கிப்பூர். பாவமன்னிப்பு நாள். 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம். அன்று மதியம் கோயிலில் தோராச் சுருளை விரித்து வாசிக்க வேண்டிய பகுதி எது என்று தல்மூத் காலத்திலேயே விதித்துவிட்டார்கள். லேவியராகமம் 18-ம் அதிகாரம். யார் யாரோடெல்லாம் உடலுறவு கூடாது என்கிற பட்டியல். அதில் 22-வது வசனம், ஆண் ஆணோடு படுப்பதைத் தடை செய்கிறது.

பெரியவரின் அண்ணனுக்கு அப்போது 22 வயது. அப்பாவுக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாராம். பசி, தலைவலி, ஊரே வெள்ளை உடுத்தி நிற்கிறது. அந்த வசனம் வந்ததும் எழுந்து வெளியே போனார். கழிப்பறைக்குத்தான் போகிறார் என்று நினைத்தார்கள். அதற்குப்பிறகு பல வருடம் அவர் எந்தக் கோயிலுக்குள்ளும் நுழையவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து பெரியவரைக் கேள்வி கேட்டே கொன்றேன். அவரும் சளைக்கவில்லை. பதில் சொன்னார், புத்தகம் கொடுத்தார், பாதி நேரம் கேள்விக்குக் கேள்வியையே பதிலாகச் சொன்னார். அந்தக் கேள்விகளும், பின்னால் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவையும்தான் கீழே.

1. அந்த வசனம் என்னதான் சொல்கிறது?

லேவியராகமம் 18:22 தடை சொல்கிறது, 20:13 மரண தண்டனை சொல்கிறது. மழுப்ப ஒன்றுமில்லை. இரண்டிலும் வருகிற ஹீப்ருச் சொல் 'தோஎவா'. நம்மூர் பைபிளில் 'அருவருப்பு' என்று இருக்கும்.

ஆனால் அந்தச் சொல் இன்னும் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பார்த்தால் சுவாரசியம். ஆதியாகமத்தில் எகிப்தியர்கள் எபிரேயர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், அது அவர்களுக்கு தோஎவா. உபாகமத்தில் தின்னக்கூடாத மிருகங்களைப் பற்றிய பகுதியும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது. "பந்தியில் உட்கார மறுத்ததற்கும் அதே சொல்தானா?" என்று கேட்டேன். "உங்கள் ஊரில் அந்த வழக்கம் கிடையாதா?" என்றார் பெரியவர். அதற்குமேல் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்னொன்று. அந்த வசனம் ஒரு செயலைப் பற்றிப் பேசுகிறது. ஒருவனுக்கு இயல்பாகவே யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பது அங்கே பேச்சே இல்லை. அப்படி ஒரு மனித வகை உண்டு என்று ஐரோப்பா பெயர் வைத்துப் பேச ஆரம்பித்தது 19-ம் நூற்றாண்டில்தான். நானும் முன்னெல்லாம் 'ஓரினச்சேர்க்கை' என்றுதான் எழுதிவந்தேன். அதுவும் செயலை மட்டும் சொல்கிற சொல்தான். 'தன்பாலீர்ப்பு' என்பது ஆளைச் சொல்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் பெரிய வேலை செய்யப் போகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. அப்படியானால் சோதோம் அழிந்தது?

சர்ச்சில் கேட்ட கதையை வைத்து நான் தெனாவட்டாகக் கேட்ட கேள்வி. பெரியவர் எசேக்கியேல் 16-ம் அதிகாரத்தைப் புரட்டச் சொன்னார். சோதோமின் குற்றப் பட்டியல் அங்கே இருக்கிறது: செருக்கு, வயிறு புடைத்த நிறைவு, ஏழைக்குக் கை கொடுக்காதது.

தல்மூத் (சன்ஹெத்ரின் 109) இன்னும் ஒருபடி மேலே போய்க் கதை சொல்கிறது. வருகிற விருந்தாளிக்கு சோதோம்காரர்கள் ஒரு கட்டில் வைத்திருப்பார்களாம். ஆள் நீளமாக இருந்தால் காலை வெட்டுவார்கள், குட்டையாக இருந்தால் இழுத்து நீட்டுவார்கள். ஒரு பெண் குடத்துக்குள் ரொட்டியை ஒளித்து ஒரு ஏழைக்குக் கொடுத்தாள். கண்டுபிடித்து, உடம்பெல்லாம் தேன் பூசி மதில்மேல் நிறுத்தினார்கள். தேனீக்கள் வந்து கொட்டியே கொன்றன. அவள் அலறல்தான் வானத்தை எட்டியதாம். ஆக, ரபிகள் சொன்ன கதையில் சோதோமின் பெரும்பாவம் கஞ்சத்தனம், வந்தவனை வதைப்பது.

3. மரண தண்டனை நிஜமாகவே கொடுத்தார்களா?

எழுத்தில் இருக்கிறது. ஆனால் ரபிகள் மரண தண்டனையைச் சுற்றி எழுப்பிய வேலியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள் வேண்டும். செய்வதற்கு முன்பே எச்சரித்திருக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு ஒருவரைக் கொல்லும் நீதிமன்றத்தை 'நாசகார நீதிமன்றம்' என்கிறது மிஷ்னா (மக்கோத்). இல்லை, எழுபது வருடத்துக்கு ஒன்று என்றாலே அப்படித்தான் என்கிறார் ஒரு ரபி. நாங்கள் அங்கே இருந்திருந்தால் ஒருவரையும் கொல்ல விட்டிருக்க மாட்டோம் என்கிறார்கள் ரபி தர்ஃபோனும் ரபி அகிவாவும். அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்லும் சட்டத்தையோ, அப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை என்று சொல்லி ஒரேயடியாக மூட்டை கட்டினார்கள்.

இங்கே அவர்களின் முறையைக் கவனியுங்கள். ஒரு எழுத்தையும் அழிக்கவில்லை. எழுத்து அப்படியே இருக்கிறது, ஆனால் யார் கழுத்தும் போகாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

4. பெண்களைப் பற்றி?

பெண்ணும் பெண்ணும் என்பது தோராவில் நேரடியாக எங்குமே இல்லை. தல்மூத்தில் (யெவாமோத் 76) அது ஒரு குருவை மணக்கத் தடையா என்று வாதம் வருகிறது. வெறும் ஒழுக்கக்கேடு, அதற்குமேல் இல்லை என்று முடிக்கிறார்கள். 12-ம் நூற்றாண்டில் மைமோனிடஸ் இதைக் கண்டிப்பாகத் தடை செய்து, கசையடி கொடுக்கலாம் என்றார். அது தோரா விதித்த தண்டனை அல்ல, ரபிகளின் தண்டனை என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்.

5. ஆண், பெண் இரண்டே வகைதானா?

இந்தக் கேள்விக்கு வந்த பதில்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

மிஷ்னா தொகுக்கப்பட்டது கிட்டத்தட்ட கி.பி. 200-ல். அதிலும் தல்மூத்திலும் ஆண், பெண் தவிர வேறு சிலரும் சர்வசாதாரணமாக வந்துபோகிறார்கள். 'அந்த்ரோகினோஸ்', ஆண் பெண் இரண்டு உறுப்பும் உடையவர். 'தும்தும்', உறுப்பு மூடியிருந்து எதுவென்று தெரியாதவர். 'அய்லோனித்', பெண்ணாகப் பிறந்து பருவ வளர்ச்சி அடையாதவர். 'சாரிஸ்', ஆணாகப் பிறந்து அதேபோல் வளர்ச்சி அடையாதவர் அல்லது காயடிக்கப்பட்டவர்.

இவர்களை வைத்து ரபிகள் செய்வது சட்ட வேலை. புத்தாண்டில் ஷோஃபார் என்கிற கொம்பு ஊத வேண்டும். ஊதுவது ஆணின் கடமை. அந்த்ரோகினோஸ் ஊதலாமா? இன்னொரு அந்த்ரோகினோஸுக்காக ஊதலாம், மற்றவர்களுக்காகக் கூடாது. தும்தும்? இன்னொரு தும்துமுக்காகக்கூட ஊத முடியாது, ஏனென்றால் இரண்டு பேரில் யார் என்னவென்று யாருக்குத் தெரியும்! இப்படியே பக்கம் பக்கமாக ஓடுகிறது. கேலி ஒரு வரி இல்லை. நம் ஊர் பஸ்ஸில் இவர்களைப் பார்த்து நடக்கிற சிரிப்பு அந்தப் பக்கங்களில் இல்லை.

மிஷ்னா அச்சுப் பிரதிகளில் பிக்கூரிம் என்ற பகுதியின் 4-ம் அத்தியாயம் முழுக்க அந்த்ரோகினோஸ் பற்றியது. எதில் ஆணைப்போல, எதில் பெண்ணைப்போல, எதில் இருவரையும்போல, எதில் இருவரையும் போலில்லை என்று நாலு பட்டியல். 'இருவரையும்போல' பட்டியலில் இருப்பது என்ன தெரியுமா? இவரை அடித்தால், ஆணையோ பெண்ணையோ அடித்தால் என்னவோ அதே குற்றம். கொன்றால் கொலை. கடைசியில் ரபி யோசே எழுந்து, இது தனி ஒரு படைப்பு, ஆணா பெண்ணா என்று அறிஞர்களால் முடிவு செய்ய இயலவில்லை என்கிறார். தீர்ப்பு சொல்லியே பழகிய ஆட்கள், எங்களால் முடியவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

இன்னும் இருக்கிறது. ஆதியில் படைக்கப்பட்ட முதல் மனிதன் அந்த்ரோகினோஸ் என்கிறது ஆதியாகமத்துக்கு எழுதப்பட்ட பழைய மித்ராஷ் ஒன்று. ஆபிரகாமும் சாராளும் ஏன் அத்தனை வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தார்கள் என்பதற்கு, இருவரும் தும்தும்களாக இருந்தார்கள் என்கிறார் தல்மூத்தில் ரபி அம்மி. மூதாதையரையே அந்த வகையில் சேர்த்துப் பேச அவருக்குத் தயக்கம் இல்லை.

உடனே, "ஆஹா, 1800 வருடத்துக்கு முன்பே என்னவொரு முற்போக்கு" என்று ஜல்லியடிக்கக் கூடாது. ரபிகள் பேசுவது உடலை. ஒருவர் தன்னை மனதுக்குள் யாராக உணர்கிறார் என்பதை அல்ல. அவர்கள் உலகத்தில் ஆணுக்குத்தான் உரிமை அதிகம், மற்றவர்களை அந்த அளவுகோலில்தான் அளக்கிறார்கள். உபாகமம் 22:5 ஆண் பெண்ணுடையையும் பெண் ஆணுடையையும் உடுத்துவதைத் தடுக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் இரண்டு பெட்டி மட்டும்தான் உண்டு, அதில் அடங்காதவர் மனிதரே அல்ல என்ற பேச்சு அங்கே இல்லை.

6. அந்தக் காலத்தில் இப்படி உணர்ந்த யூதர் யாராவது எழுதி வைத்திருக்கிறாரா?

உண்டு. 11, 12-ம் நூற்றாண்டு ஸ்பெயினில் இப்ன் கபிரோல், மோஷே இப்ன் எஸ்ரா போன்றவர்கள் ஹீப்ருவில் இளைஞனை 'மான்' என்று விளித்துக் காதல் கவிதை எழுதியிருக்கிறார்கள். அரபுக் கவிதை மரபை ஒட்டியது. அது வெறும் மரபா, அனுபவமா என்று ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். அவர்கள் எழுதிய பிரார்த்தனைப் பாடல்கள் கோயில் வழிபாட்டு நூல்களில் இருக்கின்றன.

என்னை அதிகம் தொந்தரவு செய்தவர் கலோனிமஸ் பென் கலோனிமஸ். பிரான்ஸின் தென்பகுதி, ஆர்ல் ஊர்க்காரர், 1286-ல் பிறந்தவர். அரபியிலிருந்து ஏராளமாக மொழிபெயர்த்த அறிஞர். 1322 வாக்கில் 'எவென் போஹான்' என்ற நூலை எழுதினார். அதில் ஒரு நீண்ட பகுதி, தான் ஏன் பெண்ணாகப் பிறக்கவில்லை என்ற புலம்பல். எத்தனையோ அற்புதம் செய்த கடவுள் தன்னை மட்டும் மாற்றக்கூடாதா என்கிறார். யூத ஆண்கள் தினமும் காலையில், தன்னைப் பெண்ணாகப் படைக்காததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் ஒரு வாழ்த்து உண்டு. கெட்டது நடந்தாலும் கடவுளை வாழ்த்த வேண்டும் என்று கற்றிருப்பதால், முணுமுணுத்துக்கொண்டே அதையும் சொல்லித்தொலைக்கிறேன் என்று முடிக்கிறார்.

நூல் அங்கதம்தான். அதனால் இந்தப் பகுதியும் கிண்டல் என்கிறார்கள் சிலர், மனதிலிருந்து வந்தது என்கிறார்கள் சிலர். எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. ஆனால் இன்று யூதத் திருநங்கைகள் அதைத் தங்கள் குரலாக வாசிக்கிறார்கள். 700 வருடம் பொறுத்து ஒரு எழுத்துக்குச் சரியான வாசகர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

7. மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் யார்?

1868-ல் பிறந்த ஜெர்மானிய யூத மருத்துவர். ஜெர்மனியின் 175-வது சட்டப்பிரிவு ஆண்களுக்கிடையேயான உறவைக் குற்றமாக்கியது. அதை நீக்கச் சொல்லி 1897-ல் ஒரு குழு அமைத்தார். இந்த விஷயத்துக்காக உலகில் எழுந்த முதல் அமைப்பு என்பார்கள். 1919-ல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். இன்று திருநர் என்று நாம் சொல்கிறவர்களுக்கு அங்கே மருத்துவ உதவியும், போலீஸ் தொந்தரவில்லாமல் தங்கள் உடையில் நடமாட அத்தாட்சியும் கிடைத்தது. 1931-ல் உலகச் சுற்றுப்பயணத்தில் இந்தியாவுக்கும் வந்துபோயிருக்கிறார்.

1933 மே 6-ந்தேதி நாஜி மாணவர் கும்பல் அந்த நிறுவனத்தில் புகுந்து சூறையாடியது. நான்கு நாள் கழித்து, மே 10 இரவு, நூலகத்தின் பெரும்பகுதி நடுத்தெருவில் எரிந்தது. நாஜிகள் புத்தகம் எரிக்கும் அந்தப் புகைப்படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் எரிகிறவற்றில் ஹிர்ஷ்ஃபெல்டின் நூலகமும் உண்டு என்பது எனக்குப் பல வருடம் தெரியாது. அவர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். பாரிஸில் ஒரு சினிமா தியேட்டரில் உட்கார்ந்து, செய்திப் படத்தில் தன் வாழ்நாள் உழைப்பு எரிவதைப் பார்த்தார். 1935-ல் தன் 67-வது பிறந்தநாளன்று நீஸ் நகரில் இறந்தார். யூதன், தன்பாலீர்ப்பாளன் என்ற இரண்டு காரணத்துக்காகவும் அவரை வெறுத்தார்கள்.

8. இஸ்ரேலில் என்ன சட்டம்?

இந்தக் கேள்விக்குள் நம்மூர் ஆள் ஒருவர் ஒளிந்திருக்கிறார். பெயர் 377 :-)

பாலஸ்தீனம் பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்தபோது 1936-ல் ஒரு குற்றவியல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் 152-வது பிரிவு, இந்தியாவில் 1860-ல் எழுதிய 377-க்கும் இலங்கையில் 1883-ல் எழுதிய 365-க்கும் ஒன்றுவிட்ட தம்பி. 1948-ல் பிறந்த இஸ்ரேல் அதை அப்படியே சுவீகரித்துக்கொண்டது. 1950-களிலேயே அட்டர்னி ஜெனரல் ஹைம் கோஹன் இந்தப் பிரிவில் வழக்குப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். பாராளுமன்றம் நீக்கியது 1988-ல். இந்தியாவில் 2018 செப்டம்பர் 6-ந்தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையில், அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது.

ஆக எருசலேமில் இருந்த சட்டம் மோசே கொண்டுவந்ததல்ல, வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. திருமணம் அங்கே மதநீதிமன்றங்களின் கையில் இருப்பதால் ஒரே பாலினத்தவர் நாட்டுக்குள் மணம் செய்துகொள்ள வழியில்லை. வெளிநாட்டில் செய்துகொண்டு வந்தால் பதிவு செய்யவேண்டும் என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998-ல் டானா இன்டர்நேஷனல் என்ற திருநங்கைப் பாடகி யூரோவிஷன் போட்டியில் இஸ்ரேலுக்காகப் பாடி ஜெயித்தார். அவரை அனுப்பவே கூடாது என்று மதக் கட்சிக்காரர்கள் குதித்திருந்தார்கள்.

2005-ல் எருசலேம் பேரணியில் புகுந்து மூன்று பேரைக் கத்தியால் குத்திய ஒரு தீவிர மதவாதி, பத்து வருடம் சிறையில் இருந்துவிட்டு 2015-ல் வெளியே வந்தான். மூன்றே வாரத்தில் அதே பேரணி, அதே கத்தி. நண்பர்களுக்கு ஆதரவாக நடந்துபோன 16 வயது ஷிரா பன்க்கி குத்துப்பட்டு மூன்றாம் நாள் இறந்துபோனாள். ரபிகள் எவ்வளவோ பாடுபட்டுக் கட்டிய வேலியை ஒருவன் கத்தியோடு தாண்டிவிட்டான்.

9. இன்றைய யூத மதம் என்ன சொல்கிறது?

எந்த யூத மதம் என்று கேட்க வேண்டும். பெரியவரின் பேப்பருக்கு இப்போது வருவோம்.

அமெரிக்காவில் முக்கியமாக மூன்று பிரிவு. ரிஃபார்ம் பிரிவு முதலில் நகர்ந்தது. தன்பாலீர்ப்பாளர்கள் 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய கோயிலை 1974-ல் தங்கள் கூட்டமைப்பில் சேர்த்துக்கொண்டது. 1990-ல் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர்கள் ரபி ஆகலாம் என்றது. 2006-ல் எலியட் குக்லா, 2010-ல் ரூபன் செல்மன் என்று திருநர்களும் அதன் கல்லூரியில் ரபி பட்டம் பெற்றார்கள். அமெரிக்க ரிஃபார்ம் கோயில்களில் யோம் கிப்பூர் மதியம் வாசிக்கும் பகுதியே வேறு. 18-ம் அதிகாரத்துக்குப் பதில், பிறனைத் தன்னைப்போல் நேசிக்கச் சொல்லும் 19-ம் அதிகாரம்.

நடுவில் இருப்பது கன்சர்வேடிவ் பிரிவு. இவர்களுக்கு யூதச் சட்டம் கட்டாயம், ஆனால் சட்டம் வளரும் என்பார்கள். இவர்களின் சட்டக்குழுவில் ஓட்டுரிமை உள்ள ரபிகள் 25 பேர். ஆறு ஓட்டு விழுந்தாலே ஒரு தீர்ப்பு செல்லுபடியாகும். 1992-ல் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ரபி பட்டம் கிடையாது என்றார்கள். 2006 டிசம்பர் 6-ந்தேதி மறுபடி கூடினார்கள்.

ரபி ஜோயல் ராத் பழைய தடை தொடரவேண்டும் என்று எழுதியிருந்தார். 13 ஓட்டு. டார்ஃப், நெவின்ஸ், ரைஸ்னர் என்ற மூன்று ரபிகள் எதிர்த்திசையில் எழுதியிருந்தார்கள். அதற்கும் 13 ஓட்டு. கணக்கு இடிக்கிறதே என்று பார்க்கிறீர்களா? ஒரு புண்ணியவான் இரண்டுக்கும் கை தூக்கியிருக்கிறார்! இரண்டும் செல்லும். எந்தக் கோயில் எதைப் பின்பற்றுவது என்பது அந்தந்த ரபியின் பாடு.

அந்த மூவர் வாதம் செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. வசனத்தைத் தொடவில்லை. அது தடுக்கிற ஒரு செயலை அவர்களும் தடுத்தே வைத்தார்கள். ஆனால் அதைச் சுற்றி ரபிகள் பின்னால் சேர்த்த விரிவான தடைகளைப் பிரித்தெடுத்தார்கள். தல்மூத்தில் ஒரு விதி உண்டு: 'கவோத் ஹப்ரியோத்', மனிதரின் மாண்பு. அதன்முன் ரபிகளின் தடை விலகி நிற்கும். ஒருவனை ஆயுள் முழுக்கத் தனியாக இரு, யாரையும் நேசிக்காதே என்று சொல்வது அவன் மாண்பைக் குலைக்கிறது, எனவே இந்தத் தடைகள் விலகும் என்றார்கள். செயல் வேறு, ஆள் வேறு என்று முதல் கேள்வியில் பார்த்தோமே, அந்த இடத்தில்தான் சாவி போட்டுத் திறந்தார்கள். எதிர்த்தரப்பில் ராத் உட்பட நான்கு ரபிகள் குழுவிலிருந்து ராஜினாமா செய்தார்கள். அவர்களுக்கும் அது விளையாட்டல்ல, தங்கள் சட்டமே கையைவிட்டுப் போகிறது என்ற வலி. 2012-ல் அதே குழு ஒரே பாலினத் திருமணத்துக்குச் சடங்கு வகுத்துக் கொடுத்தது.

10. ஆர்த்தடாக்ஸ் யூதர்கள்?

தடை தடைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் பேச்சு மாறியிருக்கிறது. 1976-ல் அக்காலத்தின் மாபெரும் சட்ட அறிஞர் மோஷே ஃபைன்ஸ்டைன், இப்படி ஓர் இயல்பான ஆசையே மனிதனுக்குக் கிடையாது, இது கடவுளைச் சீண்டும் கலகம் என்ற பொருளில் எழுதினார். 1999-ல் ஸ்டீவன் கிரீன்பெர்க் என்ற ஆர்த்தடாக்ஸ் ரபி தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று பகிரங்கமாக அறிவித்தார். 2001-ல் 'ட்ரெம்ப்ளிங் பிஃபோர் ஜி-டி' என்ற ஆவணப்படத்தில் பக்திமான்களே முகத்தை நிழலில் வைத்துத் தங்கள் கதையைச் சொன்னார்கள். 2010-ல் ஏராளமான ஆர்த்தடாக்ஸ் ரபிகள் ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள்: தடை உண்டு, ஆனால் இவர்களைக் கேலி செய்வது, விரட்டுவது பாவம், 'மாற்றும் சிகிச்சை'க்குப் போகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. 2015-ல் நியூஜெர்ஸியில் அப்படிச் சிகிச்சை நடத்திய ஜோனா என்ற யூத அமைப்பு வாடிக்கையாளர்களை ஏமாற்றியது என்று ஜூரி தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் ஆர்த்தடாக்ஸ் இளைஞர்களும் உண்டு.

1976-க்கும் 2010-க்கும் நடுவில் தோராவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. முன்பு புத்தகத்தை வைத்துக்கொண்டு, எங்கோ இருக்கிற ஒருவனைப் பற்றிப் பேசினார்கள். பிறகு அவன் முன்னால் வந்து உட்கார்ந்தான். "ரபி, நான்தான் அவன். உங்கள் மாணவன். நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டான். அத்தனை மாற்றமும் அந்தக் கேள்விக்குப் பிறகு வந்ததுதான்.

சரி, கடைசி பாரா.

1998-ல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் இருந்தேன். அறைத்தோழன் ஒருவன். என் சட்டையை அவன் போடுவான், அவன் காசில் நான் சாப்பிடுவேன். ஒரு ராத்திரி கரண்ட் போன நேரத்தில் மொட்டை மாடியில் வைத்து அவன் தன்னைப் பற்றிச் சொன்னான். இருட்டாக இருந்ததால் சொல்ல முடிந்திருக்கும். நான் சிரித்தேன். "டாக்டர் யாரையாவது பாருடா" என்றேன். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. மறுநாள் பக்கத்து அறையில் சொன்னேன். ஒரு வாரத்தில் மேன்ஷன் முழுக்கத் தெரிந்துவிட்டது. பத்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். என் சட்டை ஒன்றைத் துவைத்து மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அந்த வயதில் எனக்கு எந்த வசனமும் தெரியாது. யாரையும் விரட்ட வசனம் தேவைப்படவில்லை.

பெரியவரிடம் இதை ஒருநாள் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அண்ணன் கதையின் மிச்சத்தைச் சொன்னார். அப்பா இறந்தபிறகு அண்ணன் மறுபடி கோயிலுக்கு வர ஆரம்பித்தாராம். அவர்கள் குடும்பம் போவது பழைய கோயில், அங்கே இன்றும் 18-ம் அதிகாரம்தான். அந்தப் பகுதி தொடங்கும்போது அண்ணன் எழுந்து வெளியே போய் நடையில் நிற்பார். முடிந்ததும் உள்ளே வருவார். அடுத்து யோனாவின் கதை வாசிப்பார்கள், அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றேன்.

"நானும் எழுந்து போய் அவன் பக்கத்தில் நிற்பேன். முதல் தடவை அதைச் செய்யவில்லையே" என்றார்.

பி.கு.: அவன் நம்பர் என்னிடம் இல்லை. பேரை வைத்துத் தேடியும் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. தமிழ் நிறையப் படிக்கிறவன். டேய், இந்தப் பக்கம் வந்தால் மன்னிச்சுக்கடா. சட்டை இன்னும் இருக்கு.